குப்பை எரிக்கும் ஆலையை ஏன் டிக்கெட் வாங்காத மியூசியம் போலக் கட்டினார்கள்? ஹிரோஷிமாவின் கண்ணாடிப் பாதை சொல்லும் கதை!

ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் கடலை ஒட்டி ஒரு கட்டடம் நிற்கிறது. வெள்ளிச் சாம்பல் நிறச் சுவர்கள். நடுவில் நீளமாக ஒரு கண்ணாடிப் பாதை. அதன் இருபுறமும் பளபளக்கும் பிரம்மாண்டமான எஃகு உருளைகள். பாதையின் மறுமுனையில் நீலக்கடல். முதல்முறை பார்ப்பவர்கள் இதை ஒரு மியூசியம் என்றோ, ஏதோ கார் கம்பெனியின் ஷோரூம் என்றோதான் நினைப்பார்கள்.

ஆனால், இது குப்பை எரிக்கும் ஆலை. நாள் ஒன்றுக்கு 600 டன் குப்பையை எரிக்கும் திறன் கொண்ட மாநகராட்சி ஆலை. 'அட, குப்பை எரிக்கிற இடமா இது?' என்று கேட்க வைப்பதுதான் இந்தக் கட்டடத்தின் ஸ்பெஷல்.

இதை வடிவமைத்தவர் யோஷியோ தனிகுச்சி. நியூயார்க்கின் புகழ்பெற்ற நவீன கலை அருங்காட்சியகமான 'மோமா'வை விரிவாக்கிக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். 2024 டிசம்பர் 16-ம் தேதி, தனது 87-வது வயதில் அவர் காலமானார். மோமாவின் விரிவாக்கமும் ஹிரோஷிமாவின் இந்தக் குப்பை ஆலையும் ஒரே ஆண்டில், 2004-ல்தான் முடிந்தன என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

ஒரு மாநகராட்சி, குப்பை எரிக்க ஏன் இவ்வளவு பெரிய ஆர்க்கிடெக்ட்டைத் தேடிப் போனது? கண்ணாடி போட்டுவிட்டால் குப்பைப் பிரச்னை தீர்ந்துவிடுமா? இருபது வயதைத் தாண்டிவிட்ட இந்த ஆலையின் எதிர்காலம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சண்டையில் தொடங்கிய கதை

இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள, முதலில் டோக்கியோவுக்குப் போக வேண்டும்.

1960-களில் ஜப்பானின் பொருளாதாரம் ராக்கெட் வேகத்தில் வளர்ந்தது. கூடவே குப்பையும் வளர்ந்தது. டோக்கியோவின் குப்பையில் பெரும்பகுதி, கோட்டோ என்ற வட்டத்தை ஒட்டிய கடலில் கொட்டப்பட்டது. அந்த இடத்தின் பெயர் யுமெனோஷிமா. தமிழில் சொன்னால் 'கனவுத் தீவு'. பெயர்தான் கனவு. 1965-ல் அங்கிருந்து கிளம்பிய ஈக்கள் கூட்டம் கூட்டமாக வீடுகளுக்குள் புகுந்தன. குப்பை லாரிகளின் நெரிசலும் நாற்றமும் கோட்டோ மக்களுக்கு அன்றாட வாழ்க்கையாகிவிட்டது.

அதே நேரத்தில், வசதியானவர்கள் அதிகம் வசிக்கும் சுகினாமி வட்டத்தில், 'எங்கள் ஏரியாவில் எரிப்பு ஆலை கட்டக் கூடாது' என்று மக்கள் போராடிக்கொண்டிருந்தனர். 'உங்கள் குப்பை எங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம், உங்கள் ஊரில் ஒரு ஆலை மட்டும் வரக் கூடாதா?' என்பதுதான் கோட்டோ மக்களின் கேள்வி. 1971-ல் டோக்கியோ ஆளுநர் ரியோகிச்சி மினோபே, 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். 1973-ல் சுகினாமியில் இருந்து வந்த குப்பை லாரிகளைக் கோட்டோ தரப்பினர் சாலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினர்.

கடைசியில் 1974-ல் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, சுகினாமியிலும் ஆலை கட்ட முடிவானது. 'அந்தந்த வட்டத்தின் குப்பையை அந்தந்த வட்டமே பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற எண்ணம் இந்தச் சண்டையில்தான் வலுவடைந்தது.

இங்கேதான் கட்டடக் கலை உள்ளே வருகிறது. ஆலை ஊருக்குள்தான் வரப்போகிறது என்றால், மக்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்காக ஜப்பானிய மாநகராட்சிகள் பல வழிகளைக் கையாண்டன. ஆலையின் வெப்பத்தில் சூடாகும் நீச்சல் குளம், சுற்றிலும் மரங்கள், பூங்கா, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலை டூர் என்று பட்டியல் நீள்கிறது. அந்த வரிசையில் ஒன்றுதான், 'நல்ல ஆர்க்கிடெக்ட்டை வைத்து அழகாகக் கட்டுவது'.

டையாக்சின் பயம்

1990-களில் இன்னொரு பெரிய அடி விழுந்தது. அதன் பெயர் டையாக்சின்.

குப்பை சரியாக எரியாதபோது, குறிப்பாகக் குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் போன்றவை எரியும்போது உருவாகும் நச்சு வேதிப்பொருள் இது. புற்றுநோய் ஆபத்து கொண்டது. மண்ணிலும் கொழுப்பிலும் பல காலம் தங்கிவிடும். ஜப்பான் முழுக்க அப்போது சிறியதும் பெரியதுமாக ஆயிரக்கணக்கான எரிஉலைகள் இருந்தன. 1999 பிப்ரவரியில், டோக்கியோவை அடுத்த டோகொரோசாவா நகரின் காய்கறிகளில் டையாக்சின் இருப்பதாக ஒரு டிவி செய்தி வெளியானது. கடைகளில் அந்த ஊர்க் கீரையை யாரும் தொடவில்லை. விலை சரிந்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அதே 1999-ல் டையாக்சின் தடுப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. 2000 ஜனவரியில் அமலுக்கு வந்தது. குப்பையைக் குறைந்தது 800 டிகிரி செல்சியஸில் எரிக்க வேண்டும்; வெளிவரும் புகையை வேகமாக 200 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க வேண்டும்; புதிய பெரிய ஆலைகளில் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.1 நானோகிராம் அளவைத் தாண்டக் கூடாது என்று கறாரான விதிகள் வந்தன. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாத பழைய, சிறிய உலைகள் வரிசையாக மூடப்பட்டன.

இந்தச் சூழலில்தான் ஹிரோஷிமாவின் புதிய நாகா ஆலை எழுந்தது. எரிஉலை என்றாலே மக்கள் அச்சப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ஆலையை மதில் கட்டி மறைக்காமல், நடுவிலேயே கண்ணாடி வழி போட்டு 'வந்து பாருங்கள்' என்று சொன்னார் தனிகுச்சி.

ஏன் ஹிரோஷிமா?

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி. உலகின் முதல் அணுகுண்டு தாக்குதல். அந்த ஆண்டின் முடிவுக்குள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர் உயிரிழந்தனர் என்பது மதிப்பீடு.

அந்த நகரம் மீண்டு எழுந்ததில் மாநகராட்சியின் அன்றாடச் சேவைகளுக்குத் தனி இடம் உண்டு. குண்டு விழுந்த மூன்றே நாளில், ஆகஸ்ட் 9-ம் தேதி டிராம் வண்டி ஒரு பகுதியில் மீண்டும் ஓடியது. உஷிதா குடிநீர் நிலையம் சேதமடைந்தபோதும், ஊழியர்கள் பம்பைச் சரிசெய்து அன்றே தண்ணீர் அனுப்பினர். அந்தப் பம்ப் ஹவுஸ் பின்னாளில் குடிநீர் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. தண்ணீர், டிராம், குப்பை என்று தினமும் நடக்க வேண்டிய வேலைகள் நடந்தால்தான் ஊர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஹிரோஷிமாவுக்கு இது அனுபவத்தில் தெரியும்.

குண்டுவீச்சின் 50-வது ஆண்டான 1995-ல் மாநகராட்சி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர், 'ஹிரோஷிமா 2045: அமைதியும் படைப்பும் கொண்ட நகரம்'. 2045-ல் நூறு ஆண்டுகள் நிறைவடையும்போது, அடுத்த தலைமுறைக்கு நல்ல பொதுக் கட்டடங்களை விட்டுச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். அதற்காகத் தேர்ந்த ஆர்க்கிடெக்ட்டுகளிடம் மாநகராட்சிக் கட்டடங்கள் ஒப்படைக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த மாதிரிக் கட்டடங்கள் தேர்வாகின என்பதுதான். மோட்டோமாச்சி உயர்நிலைப் பள்ளியை ஹிரோஷி ஹாரா வடிவமைத்தார். நிஷி தீயணைப்பு நிலையத்தை ரிக்கன் யமமோட்டோ வடிவமைத்தார். கண்ணாடிப் பட்டைகளால் ஆன அந்த நிலையத்தில், வீரர்கள் பயிற்சி எடுப்பதைப் பொதுமக்கள் நேரிலேயே பார்க்கலாம். கட்டடக் கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் விருதை யமமோட்டோ 2024-ல் பெற்றார். பள்ளி, தீயணைப்பு நிலையம், அடுத்து குப்பை ஆலை. தினசரி வரிப்பணத்தில் ஓடுகிற இடங்களுக்கே நல்ல டிசைன் தேவை என்பதுதான் இந்தத் திட்டத்தின் கணக்கு.

ஒரு நேர்க்கோடு... கடல் வரைக்கும்

இப்போது கட்டடத்தின் மையமான ஐடியாவுக்கு வருவோம். அதற்கு ஹிரோஷிமாவின் மேப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வடக்கே அணுகுண்டில் சிதைந்து நிற்கும் குவிமாடக் கட்டடம். அதற்குத் தெற்கே, உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். அதற்கும் தெற்கே அமைதி நினைவு அருங்காட்சியகம். இந்த மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் அமைத்தவர் கென்சோ டாங்கே. போருக்குப் பிந்தைய ஜப்பானின் நவீனக் கட்டடக் கலைக்கு அடித்தளம் போட்டவர். 1949-ல் நடந்த போட்டியில் வென்று, இந்தப் பூங்காவை வடிவமைத்தார். 1955-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைத் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தினார். ஏன்? கட்டடம் பார்வையை மறைக்கக் கூடாது. அதன் அடியில் நின்று பார்த்தாலே நினைவுச் சின்னமும், அதற்கப்பால் குவிமாடமும் தெரிய வேண்டும்.

அந்தக் கோட்டை அப்படியே தெற்கே நீட்டினால், யோஷிஜிமா சாலை வழியாகக் கடலுக்குப் போகலாம். குவிமாடத்தில் இருந்து சுமார் 4 கி.மீ. தொலைவில், அந்தச் சாலை முடிகிற இடத்தில், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில்தான் குப்பை ஆலைக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

சாதாரணமாகக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாலையின் முடிவில் ராட்சதச் சுவர் ஒன்று எழுந்து, கடலுக்கான வழியை அடைத்திருக்கும். தனிகுச்சி அப்படிச் செய்யவில்லை. சாலை வரும் திசையிலேயே கட்டடத்தின் நடுவில் வழி திறந்தார். தரையில் இருந்து உயர்த்தப்பட்ட அந்தக் கண்ணாடிப் பாதையில் நடந்து, ஆலையைக் கடந்து, மறுபக்கம் கடலைப் பார்த்தபடி வெளியே வரலாம். கட்டணம் இல்லை.

டாங்கே அருங்காட்சியகத்தில் செய்ததை தனிகுச்சி குப்பை ஆலையில் செய்தார் என்று சொல்லலாம். இது தற்செயல் அல்ல. தனிகுச்சி 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் டாங்கேயின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தன் குருநாதர் வரைந்த கோட்டின் கடைசி முனையில் நின்று, அதை மறைக்காமல் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

உள்ளே என்ன நடக்குது?

சரி, இந்த மாதிரி ஆலை எப்படி வேலை செய்கிறது? சிம்பிளாகப் பார்ப்போம்.

ஹிரோஷிமாவில் வீட்டுக் குப்பை 8 வகையாகப் பிரித்து வாங்கப்படுகிறது. எரியக்கூடிய குப்பை லாரிகளில் ஆலைக்கு வருகிறது. லாரிகள் அதை ஒரு பெரிய குழியில் கொட்டுகின்றன. மேலே இருக்கும் ராட்சத கிரேன் குப்பையை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கும். ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் சீராகக் கலந்தால்தான் உலையின் வெப்பம் ஏறி இறங்காமல் இருக்கும். பிறகு அது உலைக்குள் போகிறது. நாகா ஆலையில் தலா 200 டன் திறன் கொண்ட 3 உலைகள் உள்ளன.

எரியும் வெப்பத்தில் தண்ணீர் நீராவியாகி, டர்பைனைச் சுற்றி மின்சாரம் தயாராகிறது. அடுத்ததுதான் முக்கியமான கட்டம். புகை நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடக் கூடாது. அதை வேகமாகக் குளிர்வித்து, சுண்ணாம்புத் தூள் போன்றவற்றால் அமில வாயுக்களைப் பிடித்து, பை ஃபில்டர்களில் தூசியை வடிகட்டி, கடைசியில்தான் வெளியே விட வேண்டும். எஞ்சும் சாம்பலுக்குத் தனி இடம் தேவை.

கண்ணாடிப் பாதையின் இருபுறமும் தெரியும் அந்தப் பளபள உருளைகள், இந்தப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள்தான். அவற்றைச் சுற்றி செடி, மரங்களும் வைத்து, விளக்கு போட்டு, ஏதோ சிற்பக் கூடம் போலக் காட்டியிருக்கிறார் தனிகுச்சி. இந்தப் பாதைக்கு 'எக்கோரியம்' என்று பெயர். 'எக்காலஜி', 'ஏட்ரியம்' என்ற இரண்டு சொற்களின் கூட்டு.

மெஷின்களின் மேல் இவருக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது? தனிகுச்சி முதலில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். கெயோ பல்கலைக்கழகத்தில் அதை முடித்துவிட்டுத்தான், அமெரிக்காவின் ஹார்வர்டில் கட்டடக் கலை படித்தார்.

ஒசாகாவின் 'மாய மாளிகை'

ஹிரோஷிமா ஆலையின் அருமை, ஒசாகாவோடு ஒப்பிட்டால் நன்றாகப் புரியும்.

ஒசாகாவில் மைஷிமா என்ற செயற்கைத் தீவில் 2001-ல் ஒரு எரிப்பு ஆலை கட்டப்பட்டது. வடிவமைத்தவர் ஆஸ்திரியக் கலைஞர் ஹுண்டர்ட்வாசர். சிவப்பும் மஞ்சளுமான பட்டைகள், வளைந்த கோடுகள், தங்க நிற உருண்டை, மாடியில் மரங்கள். பக்கத்தில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்கின் இன்னொரு கட்டடம் என்றே பலர் இதை நினைத்துவிடுவதுண்டு. செலவு சுமார் 61,000 கோடி ஜப்பானிய யென்... இல்லை, கணக்கைச் சரியாகச் சொன்னால், 6,100 கோடி யென். 'குப்பை எரிக்க இவ்வளவு அலங்காரம் தேவையா?' என்ற விமர்சனம் அப்போதே கிளம்பியது.

இரண்டுமே 'குப்பை ஆலை அசிங்கமாகத்தான் இருக்கணுமா?' என்ற கேள்விக்கான பதில்கள். ஒசாகா ஆலை, வேஷம் போட்டு உள்ளே இருப்பதை மறக்கச் செய்கிறது. ஹிரோஷிமா ஆலை, வேஷத்தைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்டுகிறது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 2019-ல் எரிப்பு ஆலையின் கூரையையே பனிச்சறுக்குத் தளமாக்கித் திறந்தார்கள். அது மூன்றாவது வகை. ஆலையின் தலைமேல் பொழுதுபோக்கு.

ஆஸ்கர் வரை போன ஆலை

இந்த ஆலையை உலகம் முழுக்க அறிய வைத்தது ஒரு சினிமா. ரியூசுகே ஹமாகுச்சி இயக்கிய 'டிரைவ் மை கார்'. 2022-ல் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் விருது வென்ற படம். முதலில் தென்கொரியாவில் எடுக்கத் திட்டமிட்டு, கொரோனா காரணமாக ஹிரோஷிமாவுக்கு மாறிய படப்பிடிப்பு அது.

படத்தில் மனைவியை இழந்த நாடக இயக்குநர், தன் கார் டிரைவரான இளம்பெண்ணிடம், அவளுக்குப் பிடித்த இடம் எதையாவது காட்டச் சொல்கிறார். அவள் அழைத்துச் செல்வது கோயிலுக்கோ பூங்காவுக்கோ அல்ல, இந்தக் குப்பை ஆலைக்கு. ஹிரோஷிமா வந்த புதிதில் அவள் குப்பை லாரி ஓட்டியவள். கிரேன் பிடியில் இருந்து உதிரும் குப்பை, பார்க்கப் பனி பொழிவதைப் போல இருக்கிறது என்பாள். நினைவுச் சின்னத்தில் இருந்து கடல் வரை வரும் கோட்டைக் கட்டடம் மறைக்கவில்லை என்பதையும் அவளே விளக்குவாள். இரண்டு பேருக்குமே மனதில் எரிக்க முடியாத துக்கம் இருக்கிறது. அதைப் பேசத் தொடங்க இயக்குநர் தேர்ந்தெடுத்த இடம் இது.

கண்ணாடி எல்லாவற்றையும் காட்டிவிடுகிறதா?

பாராட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். சில கேள்விகளையும் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி, கண்ணாடி வழியாகத் தெரிவது எது? பெரும்பாலும் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள்தான். அதாவது, ஆலையின் மிகச் சுத்தமான பகுதி. குப்பைக் குழியின் நாற்றமும், உலையின் சூடும், சாம்பலும் அந்தப் பாதையில் நடப்பவரை எட்டாது. ஒளிவுமறைவு இல்லை என்ற உணர்வை டிசைன் கொடுக்கிறது. ஆனால், புகையில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம் இல்லை. அதற்கு அளவீடும், அந்த எண்களை வெளியிடும் நேர்மையும், கேள்வி கேட்கும் மக்களும் தேவை. கண்ணாடிச் சுவர் இந்த வேலையைச் செய்யாது. 1999 சட்டம் செய்த வேலை அது.

இரண்டாவது, எரிப்பதையே ஒரு நல்ல காரியமாக இந்த அழகு மாற்றிவிடுகிறதா? ஜப்பான் தன் நகராட்சிக் குப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எரிக்கிறது. மறுசுழற்சி விகிதம் சுமார் 20 சதவீதத்திலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. இடப் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு எரிப்பது வசதி. ஒரு டன் குப்பை கொஞ்சம் சாம்பலாகச் சுருங்கிவிடும். ஆனால், எரிக்கும்போது கரியமில வாயு வெளியேறும். 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்று உறுதியளித்துள்ள ஜப்பானுக்கு இது சிக்கல். இன்னொன்று, பெரிய உலையைக் கட்டிவிட்டால் அதற்குத் தொடர்ந்து தீனி போட வேண்டும். குப்பையைக் குறைக்கும் ஆர்வம் அங்கேயே அடிபடும் என்பது சூழலியலாளர்களின் வாதம்.

மூன்றாவது, இடம். அழகான ஆலையோ அசிங்கமான ஆலையோ, அது வருவது பெரும்பாலும் நகரத்தின் விளிம்பில், கடலைத் தூர்த்த நிலத்தில். ஹிரோஷிமாவிலும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விளிம்பில் வைத்தாலும், நகரத்தின் மிகப் புனிதமான இடத்தில் இருந்து வரும் சாலையின் முடிவில் வைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் மக்கள் வந்து உட்காரக் கடற்கரைப் பூங்காவும் அமைத்திருக்கிறார்கள். ஒதுக்குப்புறம் என்று யாரும் கைகழுவிவிட முடியாத இடமாக அதை மாற்றியது டிசைன்தான். அந்தப் பெருமையை தனிகுச்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி என்ன ஆகும்?

எரிப்பு ஆலைக்கும் ஆயுள் உண்டு. பொதுவாக 20 முதல் 30 ஆண்டுகள். தினமும் கொதிக்கும் வெப்பத்திலும் அமிலப் புகையிலும் வேலை செய்யும் கருவிகள் தேய்ந்துபோகும். பெரிய அளவில் பழுது பார்த்து ஆயுளை நீட்டிக்கலாம். ஆனால், என்றைக்காவது ஒருநாள் நிறுத்தியே ஆக வேண்டும்.

ஜப்பானின் மக்கள்தொகை வேறு குறைந்துகொண்டே வருகிறது. ஆள் குறைந்தால் குப்பையும் குறையும். அதனால் பல ஊர்கள் சேர்ந்து ஒரே ஆலையைப் பயன்படுத்துவது அதிகமாகிறது. நாடு முழுக்க இயங்கும் நகராட்சி எரிப்பு ஆலைகளின் எண்ணிக்கை இன்று சுமார் ஆயிரமாகச் சுருங்கிவிட்டது.

மெஷின் நின்றால், கட்டடம் என்ன ஆகும்? இங்கேதான் கவலை. நவீனக் கட்டடங்களைக் காப்பதில் ஜப்பானின் ரெக்கார்டு அவ்வளவு நல்லதில்லை. தனிகுச்சியின் அப்பா யோஷிரோ தனிகுச்சியும் பெரிய கட்டடக் கலைஞர். அவர் லாபியை வடிவமைத்த டோக்கியோ ஹோட்டல் ஒகுராவின் பழைய கட்டடம், உலகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தும் 2015-ல் இடிக்கப்பட்டது. அந்த லாபியை 2019-ல் புதுக் கட்டடத்துக்குள் மறுபடி உருவாக்கிக் கொடுத்தவர் மகன் யோஷியோதான். 2019-ல் மியாகோனோஜோ நகர அரங்கம் போனது. 2022-ல் டோக்கியோவின் நகாகின் கேப்சூல் டவர் பிரிக்கப்பட்டது. கென்சோ டாங்கேயே வடிவமைத்து 1964-ல் திறக்கப்பட்ட, படகு போன்ற காகாவா மாகாண விளையாட்டு அரங்கம் 2014-ல் மூடப்பட்டது. அதை இடிக்கும் திட்டத்தை மாகாண அரசு 2023-ல் அறிவித்தது.

சட்டத்திலும் ஒரு சிக்கல். ஜப்பானில் ஒரு கட்டடம் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்யப்பட, பொதுவாக 50 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். 2004-ல் முடிந்த நாகா ஆலைக்கு 2054-ல்தான் அந்த வயது வரும். ஆனால், உள்ளே இருக்கும் உலைகளின் ஆயுள் அதற்கு ரொம்ப முன்னாடியே முடிந்துவிடும். பண்பாட்டுச் சொத்து என்ற பாதுகாப்பு கிடைக்கும் முன்பே, கட்டடம் வேலை இல்லாமல் நிற்க வேண்டி வரலாம்.

நம்பிக்கை தரும் உதாரணங்களும் அதே ஊரில் இருக்கின்றன. டாங்கேயின் அமைதி நினைவு அருங்காட்சியகம் 2006-ல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. போருக்குப் பிந்தைய கட்டடங்களில் முதன்முதலாக இந்த மரியாதை பெற்றவற்றில் அதுவும் ஒன்று. உஷிதா பம்ப் ஹவுஸோ, வேலை முடிந்த பிறகும் அருங்காட்சியகமாக நிலைத்தது. வேலை நின்றுபோன ஒரு மாநகராட்சிக் கட்டடத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பது ஹிரோஷிமாவுக்குப் புதிதல்ல.

2045-ல் கேட்கப்போகும் கேள்வி

'ஹிரோஷிமா 2045' திட்டத்தின் பெயரிலேயே ஒரு தேதி இருக்கிறது. அந்த ஆண்டு வரும்போது நாகா ஆலைக்கு 41 வயது. உலைகள் அப்போது எரிந்துகொண்டிருக்குமா, புதுப்பிக்கப்பட்டிருக்குமா, அணைந்திருக்குமா என்பது அன்றைய மாநகராட்சியின் பட்ஜெட்டையும், ஊரில் எவ்வளவு குப்பை சேர்கிறது என்பதையும் பொறுத்தது. அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்வதற்காகவே கட்டிய கட்டடம், அந்தத் தலைமுறை வரும் நேரத்தில் நிற்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லலாம். ஊர்க் குப்பை எங்கே போகுது என்று கேட்டால், உலகின் பெரும்பாலான நகரவாசிகளுக்குப் பதில் தெரியாது. லாரி வரும், எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஹிரோஷிமாவில் அந்தக் கேள்விக்கு ஒரு சாலை இருக்கிறது. அதில் நேராகத் தெற்கே போனால், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தங்கள் வீட்டுக் குப்பையின் புகை சுத்தமாவதை நின்று பார்த்துவிட்டு, கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.